சுமங்கலியின் நாவல் எங்கே?

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு வாசிப்பு வட்டம் நடக்கிறது. 13 வயதிலிருந்து 17 வயது வரையிலான பெண்பிள்ளைகள்தான் வருவார்கள். பத்துப் பேர் சேர்ந்தால் அதிகம். பாதிப்பேர் அடையாறு, மந்தைவெளிப் பக்கத்து ஆங்கிலவழிப் பள்ளிகளில் படிக்கிறவர்கள். மற்றவர்கள் மாநகராட்சிப் பள்ளி. யார் எந்தப் பள்ளி என்று நாங்கள் கேட்பதில்லை. ஆனால் யார் ஃபோனில் வாசிக்கிறார்கள், யார் அடுத்தவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார்கள் என்பதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு வாரம் ஜப்பானிய ஓவியர் தொமொமி ஷிமிசு 2019இல் வெளியிட்ட ஒரு சிறிய மாங்காவை வாசித்தோம். மிஹ்ரிகுல் துர்சுன் என்ற உய்குர் பெண் தடுப்பு முகாமில் தனக்கு நேர்ந்ததைச் சொன்ன சாட்சியத்தை ஷிமிசு சில பக்கங்களில் வரைந்திருக்கிறார். கறுப்பு வெள்ளைக் கோடுகள், குறைவான சொற்கள். முடித்ததும் ஒருத்தி முகாம்களோடு சேர்த்து ஆலைகளுக்கும் ஆள் அனுப்புகிறார்களாமே என்று கேட்டாள். ஆமாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அடையாற்றுப் பெண் பெருமூச்சு விட்டாள். "நல்லவேளைக்கா, நம்ம ஊர்ல இப்படியெல்லாம் கிடையாது."

எட்டிப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவள் அம்மாவின் ஊர் தேனிப் பக்கம். "எங்க சித்தியும் மூணு வருஷம் மில்லுக்குள்ளயேதான் இருந்தாங்க. ஆனா அவங்கள யாரும் புடிச்சிட்டுப் போகல. எங்க தாத்தாதான் பஸ் ஏத்திக் கொண்டுபோய் விட்டுட்டு வந்தாரு."

அதற்குப் பிறகு அன்றைக்கு யாரும் மாங்காவைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அந்த இரண்டு வாக்கியங்களும் இன்னும் காதில் இருக்கின்றன. உலகெங்கும் இளையோருக்காக எழுதப்படும் கட்டாய உழைப்புக் கதைகள் முதல் வாக்கியத்தை எழுதப் பழகியவை. இரண்டாவது வாக்கியத்தை எழுத அவற்றுக்கு இன்னும் கை வரவில்லை. தமிழில் நாம் இரண்டையுமே எழுதவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் உய்குர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் ஏ.எஸ்.பி.ஐ. ஆய்வு நிறுவனம் 2020 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2017க்கும் 2019க்கும் இடையில் 80,000க்கும் மேற்பட்ட உய்குர் மக்கள் சின்ஜியாங்கிலிருந்து சீனாவின் மற்ற மாகாணங்களில் உள்ள ஆலைகளுக்கு அனுப்பப்பட்டதாக அது மதிப்பிட்டது. தனி விடுதி, வேலை நேரத்துக்குப் பிறகு மாண்டரின் வகுப்பும் அரசியல் வகுப்பும், ஓயாத கண்காணிப்பு, மத வழிபாட்டுக்குத் தடை என்று அங்கே நடப்பதையும் அது பட்டியலிட்டது. சீன அரசு இதையெல்லாம் மறுக்கிறது. வறுமை ஒழிப்பு, தொழிற்பயிற்சி என்பவை அதன் சொற்கள். உலகப் பருத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சின்ஜியாங்கில் விளைகிறது. அங்கே தயாராகும் பொருள்களைக் கட்டாய உழைப்பில் விளைந்தவையாகவே கருதித் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஓர் அரசு ஓர் இனத்தின் மொழியையும் நம்பிக்கையையும் உடைப்பதற்கு ஆலையைக் கருவியாக்கும் கொடுமை அது. அதையும் நம்முடையதையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஒன்றென்று சொல்வது அந்தப் பெண்களுக்கும் நியாயமாகாது, நம் பெண்களுக்கும் நியாயமாகாது.

ஆனால் 'பயிற்சி' என்ற சொல் எனக்குப் பழக்கமானது. நம் ஊர் நூற்பாலைகளிலும் அந்தச் சொல்தான் இருந்தது.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகளில் 1990களின் பிற்பகுதியிலிருந்து பரவிய ஏற்பாடு இது. பதினான்கு பதினைந்து வயதிலிருந்து கல்யாணமாகாத பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். ஆலை வளாகத்துக்குள்ளேயே விடுதி. பதிவேட்டில் அவர்கள் பயிற்சியாளர்கள். தினக்கூலி என்று ஒரு சிறு தொகை, அதிலும் சாப்பாட்டுக்குப் பிடித்தம். மூன்று வருஷம் முடிந்தால் 30,000 அல்லது 50,000 ரூபாய் மொத்தமாகக் கையில் வரும், அதை வைத்துக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்பது வாக்குறுதி. இதற்கு வைத்த பெயர் சுமங்கலித் திட்டம். திருமகள் திருமணத் திட்டம் என்றும் சில இடங்களில் பெயர். கேம்ப் கூலி என்பது அந்த வட்டாரத்தின் பேச்சு வழக்கு. மூன்றில் உண்மையைச் சொல்லும் பெயர் அது ஒன்றுதான். போன பெண்களில் பெரும்பகுதியினர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மீதிப்பேரும் நிலமற்ற ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

அந்த 30,000 ரூபாயை 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 833 ரூபாய் வருகிறது. அது பரிசும் இல்லை, சீரும் இல்லை. மாதாமாதம் கொடுத்திருக்க வேண்டிய கூலியைப் பிடித்துவைத்துக் கடைசியில் தருவது, அவ்வளவுதான். இரண்டரை வருஷத்தில் உடம்பு முடியாமல் திரும்பிவிட்டால் பிடித்துவைத்தது போச்சு. பஞ்சுத் தூசி நெஞ்சில் கட்டியோ, இயந்திரத்துக்கு முன்னால் இரவு ஷிஃப்டில் மயங்கி விழுந்தோ, வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் கதைகளை 2011இலிருந்து வெளிவந்த சர்வதேச அறிக்கைகள் பல பதிவுசெய்திருக்கின்றன. வெளியே போக அனுமதி இல்லை, ஃபோன் இல்லை, வார்டன் கூட வந்தால்தான் கடைத்தெரு என்பதையும் அவை சொல்கின்றன. விவரங்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. கதைதான் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணம் கதையின் வடிவத்திலேயே இருக்கிறது. அடக்குமுறையைப் பற்றி இளையோருக்கு எழுதப்படும் நாவல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு சட்டகம் உண்டு. நல்ல குடும்பம், இரவில் கதவு தட்டப்படுதல், பிரித்து இழுத்துச் செல்லுதல், உள்ளே கொடுமை, ஒரு தோழி, தப்பித்தல். தீமை சீருடையில் வரும். வீடு என்பது இழந்த சொர்க்கம். வாசிக்கிற பிள்ளை எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் ஒரு கணமும் குழம்ப வேண்டியதில்லை. உய்குர் பெண்களின் அனுபவத்துக்கு இந்தச் சட்டகம் பொருந்தலாம், அங்கே உண்மையிலேயே கதவு தட்டப்பட்டது. ஆனால் தேனிப் பக்கத்துச் சித்திக்குப் பொருந்தாது. அவள் வீட்டுக் கதவைத் தட்டியவர் உறவுமுறை சொல்லிக் கூப்பிடத்தக்க ஒரு தரகர். அவருக்கு அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனார். ஒப்பந்தத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். இதில் கட்டாயம் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நம் உச்ச நீதிமன்றம் 1982இலேயே பதில் சொல்லிவிட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அரங்குகள் கட்டிய தொழிலாளர்கள் தொடர்பான வழக்கு அது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்கிறார் என்றால் அது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்புதான் என்று நீதிமன்றம் சொன்னது. அடித்து உதைத்தால் மட்டும் கட்டாயம் இல்லை, வேறு வழியே இல்லாமல் செய்யும் வறுமையும் பசியும் கட்டாயமே என்பது தீர்ப்பின் சாரம். நாற்பது வருஷத்துக்கு முன்பே சட்டம் புரிந்துகொண்ட ஒன்றை நம் கதை சொல்லும் முறை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. கையில் விலங்கு இருந்தால்தான் நமக்குக் கண்ணீர் வருகிறது. கழுத்தில் மாலை இருந்தால் வாழ்த்துகிறோம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு ஆலைக்குப் போகிற பெண்ணை நாவலாக்க முடியுமா? முடியும் என்பதற்கு என்னிடம் உள்ள சிறந்த சாட்சி ஓர் அமெரிக்க நாவல். கேத்தரின் பேட்டர்சன் 1991இல் எழுதிய 'லிடி'. 1840களில் வெர்மான்ட் மலைப்பகுதியின் ஏழை விவசாயி மகள் லிடி. குடும்பக் கடனுக்காகத் தாயே அவளை ஒரு சத்திரத்து வேலைக்கு அனுப்புகிறாள். அங்கிருந்து லோவல் நகரத்துத் துணி ஆலைக்கு அவள் தானாகவே போகிறாள். கூலி அதிகம், கடனை அடைத்துப் பண்ணையை மீட்டுவிடலாம் என்ற கணக்கு. மணி அடித்தால் எழுந்து மணி அடித்தால் படுக்கும் வாழ்க்கை. ஆலை நிர்வாகத்தின் விதிகளுக்கு உட்பட்ட விடுதி, அதற்கு ஒரு பொறுப்பாளர் அம்மா. ஒழுக்கம் தவறினால் வேலை போய்விடும். இருமல், கைக்காயம், மேஸ்திரியின் கை. நூற்றைம்பது வருஷமும் ஒரு கடலும் தாண்டித் திண்டுக்கல் நெடுஞ்சாலையில் நிற்பது போல இருந்தது எனக்கு.

பேட்டர்சன் செய்த காரியங்களில் மூன்று எனக்கு முக்கியம். ஒன்று, லிடியின் பண ஆசையை அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுதவில்லை. அவள் தறிகளைக் கூட்டிக்கொண்டே போகிறாள், கூலியை எண்ணிக்கொண்டே இருக்கிறாள், சக தொழிலாளிகளின் மனுவில் கையெழுத்துப் போட மறுக்கிறாள். கடைசியில் போடலாம் என்று போகும்போது மனு கையைவிட்டுப் போய்விட்டது. கதாநாயகிக்கு இப்படி ஒரு தவறைக் கொடுக்க எழுத்தாளருக்குத் துணிச்சல் வேண்டும். இரண்டு, அவளைச் சிக்கவைத்தது கடன் என்பதையும் அதில் தாய்க்கும் பங்கு உண்டு என்பதையும் மறைக்கவில்லை, தாயை அரக்கியாகவும் ஆக்கவில்லை. மூன்று, விடுதியில் ஒரு தோழி சத்தம்போட்டு வாசிக்கும் 'ஆலிவர் ட்விஸ்ட்' வழியாக லிடிக்கு எழுத்தின் மேல் பித்துப் பிடிக்கிறது. பக்கங்களை நகலெடுத்துத் தறியில் ஒட்டிவைத்து வேலைக்கு நடுவே வாசிக்கிறாள். ஆலைதான் அவளை வதைக்கிறது. அவள் ஒரு வாசகியாவதும் அதே ஆலையில்தான். இரண்டும் ஒரே இடத்தில் நடக்கிறது என்பதைச் சொல்ல முடிந்ததால்தான் அது நாவல், துண்டறிக்கை அல்ல.

எனக்கு அதன் முடிவில் ஒரு மனத்தாங்கல் உண்டு. மேஸ்திரி ஓர் அயர்லாந்துப் பெண்ணிடம் தவறாக நடக்கும்போது லிடி தடுக்கிறாள், ஒழுக்கம் கெட்டவள் என்ற பழியோடு வேலையை இழக்கிறாள், பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரியை நோக்கிப் புறப்படுகிறாள். அவள் தப்பித்துவிடுகிறாள். ஆலை அங்கேயே இருக்கிறது. அயர்லாந்துப் பெண்ணும் அங்கேயே இருக்கிறாள். படிப்பால் கரையேறும் ஒருத்தியின் கதை நமக்கும் ரொம்பப் பிடித்த கதைதான். கரையேறாத மற்றவர்களைப் பற்றி அது பேசுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லோவல் பெண்கள் தாங்களே எழுதினார்கள். 1840களில் 'லோவல் ஆஃபரிங்' என்ற இதழ் முழுக்க ஆலைப் பெண்களின் எழுத்தால் வெளிவந்தது. வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் மிஞ்சின. பேட்டர்சனால் நூற்றைம்பது வருஷம் கழித்து அவர்கள் குரலை எட்ட முடிந்ததற்கு அதுவும் காரணம். நம் விடுதிகளில் ஒரு கடிதமாவது எழுதப்பட்டிருந்தால் அது எந்தப் பரணில் இருக்கிறது?

தமிழில் எதுவுமே இல்லை என்று சொன்னால் நம் முன்னோடிகளுக்குத் துரோகம் செய்தவளாவேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை 'கரிப்பு மணிகள்' நாவலில் எழுதிய ராஜம் கிருஷ்ணன், சிவகாசி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய குழந்தைகளை 'கூட்டுக்குஞ்சுகள்' நாவலில் எழுதினார். மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்யாமல் களத்துக்குப் போய், மக்களோடு தங்கி, கேட்டு எழுதியவர் அவர். 1994இல் வந்த பாமாவின் 'சங்கதி'யில் மைக்கண்ணி என்ற சிறுமி வருகிறாள். அம்மாவால் வேலைக்குப் போக முடியாதபோது வீட்டில் உலை கொதிக்கத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள் அவள்தான். அவளைப் பரிதாபத்துக்குரியவளாக மட்டும் பாமா காட்டுவதில்லை. அவளுக்கு வாய் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. ஒரு சிறுமியின் உழைப்பை அவள் சாதியிலிருந்தும் அவள் தாயின் உடம்பிலிருந்தும் பிரிக்காமல் எழுத முடியும் என்று காட்டிய பக்கங்கள் அவை. ஆனால் இரண்டுமே பெரியவர்களுக்கான புத்தகங்கள். பதினாறு வயதுப் பெண்ணின் கையில் அவை தற்செயலாகத்தான் போய்ச் சேர்கின்றன.

எங்கள் பேட்டையின் கதை ஒன்று இருக்கிறது. தி.நகர் ரங்கநாதன் தெருவின் ஜவுளிக்கடைப் பிள்ளைகளை வைத்து வசந்தபாலன் இயக்கி 2010இல் வந்த 'அங்காடித் தெரு'. வாசிப்பு வட்டத்தில் அதையும் பார்த்தோம். தென்மாவட்டத்திலிருந்து ஆள் பிடித்து வருவது, கூட்டமாக அடைத்துவைக்கும் தங்குமிடம், வரிசையில் நின்று அவசரமாக விழுங்கும் சோறு, நாள் முழுக்க நிற்பதால் வீங்கும் கால், சூப்பர்வைசரின் கை. தீபாவளிக்கு நாங்கள் நெருக்கியடித்துக்கொண்டு துணி எடுத்த அதே தெரு. படம் வந்து பதினோரு வருஷம் கழித்து, 2021இல், கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதைக் கேட்டு எங்கள் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை.

அந்தப் படத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் கனியை நாம் பார்ப்பது அவளைக் காதலிக்கும் பையனின் கண் வழியாகத்தான். அவள் சேர்த்த பணம், அவள் போட்ட கணக்கு, ராத்திரி விடுதியில் மற்றப் பெண்களோடு அவள் பேசியது இவற்றுக்குப் படத்தில் இடம் குறைவு. கடைசியில் விபத்தில் அவள் கால்களை இழக்கிறாள். அவன் அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அந்த முடிவைப் பார்த்துத் தேனிப் பெண் சொன்னாள்: "இதுலயும் கடைசில கல்யாணம்தான் பரிசா?" எந்த விமர்சகரும் இதைக் கேட்டு நான் படித்ததில்லை.

அவள் கேள்வி சுமங்கலித் திட்டத்தின் நடு நரம்பைத் தொடுகிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. அதற்குப் பிறகு ஒரு தொழிலே தன் ஆள்சேர்ப்புத் திட்டத்துக்கு வெளிப்படையாகத் தாலியின் பெயரை வைத்துக்கொள்ள முடிந்தது, யாரும் கூசவில்லை. பெண் வீட்டுக்குப் பாரம், பாரத்தை இறக்கக் கல்யாணம், கல்யாணத்துக்குப் பணம், பணத்துக்கு அவள் உடம்பு. இந்தச் சங்கிலியில் ஆலை முதலாளி கடைசிக் கண்ணிதான். முதல் கண்ணியை நம் வீடுகளில் நாம் அடித்தோம். அதனால்தான் இந்த நாவல் எழுதக் கடினமானது. வில்லனைத் தேடிப் போனால் வழியில் அம்மா நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் ஊர் நிற்கிறது, ஊருக்குப் பின்னால் நாம் நிற்கிறோம்.

நாம் என்று பொதுவாகச் சொல்லித் தப்பிப்பது சரியில்லை. என் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் பத்தாவது படித்தபோது எங்கள் வீட்டில் வேலை செய்த அக்காவுக்கு விழுப்புரம் பக்கம் ஊர். அவர் மகள் என்னைவிட ஒரு வயது இளையவள். கோடை விடுமுறையில் வந்தால் எங்கள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து என் பழைய பத்திரிகைகளைப் புரட்டுவாள். ஒரு ஜூன் மாதம் அவள் படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்குப் போகப்போகிறாள் என்று அக்கா வந்து சொன்னார். மூன்று வருஷம், கையில் முப்பதாயிரம், தங்க இடம், பொம்பளைப் பிள்ளைகள் மட்டும்தான். என் அம்மா சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "நல்லதாப் போச்சு. பாதுகாப்பா இருப்பா. கல்யாணச் செலவுக்கு நீ யார்கிட்டயும் கை நீட்ட வேண்டாம்." கை நீட்டினால் அது எங்களிடம்தான் நீண்டிருக்கும் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அம்மா கெட்டவர் இல்லை. நிம்மதி அடைந்தார், அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் நான் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஆன் ஃபிராங்க்கின் நாட்குறிப்பை வாசித்து இரண்டு நாள் அழுதேன். என் வயதுப் பெண்ணை ஒரு மாடியறையில் அடைத்துவைத்த உலகத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. கொல்லையில் உட்கார்ந்திருந்தவளுக்காக ஒரு சொட்டு வரவில்லை. அவள் இரண்டு வருஷம் முடியும் முன்பே இருமலோடு திரும்பிவந்தாள். பணம் வரவில்லை. அக்காவும் சில மாதங்களில் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று நான் தேடியிருக்கலாம். தேடவில்லை.

ஆன் ஃபிராங்க்கை வாசித்து அழுதது பொய் என்று நான் நினைக்கவில்லை. தூரத்து வலியை உணர்வதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றுதான். ஆனால் தூரத்து வலிக்கு மட்டுமே புத்தகம் இருக்கும் வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு ஒன்று நிகழ்கிறது. வலி என்றால் அது வேறு நாட்டில், வேறு மொழியில், அழகான அட்டை போட்டு வருவது என்று அவள் பழகிவிடுகிறாள். அடையாற்றுப் பெண் சொன்ன "நல்லவேளை"யில் இருப்பது அந்தப் பழக்கம். அதற்கு அவளைக் குறை சொல்ல மாட்டேன். பாண்டி பஜாரில் அவள் வாங்கிய எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் டீ-ஷர்ட்டின் நூலைச் சுற்றிய பெண்ணைப் பற்றி அவள் வாசிக்க நாம் ஒரு புத்தகமும் எழுதித் தரவில்லை.

இந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் தமிழில் சிறார் எழுத்து நன்றாகத் துளிர்த்திருக்கிறது. இளையோர் நாவல் என்று அட்டையில் போட்டே புத்தகங்கள் வருகின்றன. மாயம், சாகசம், தொல்லியல், சுற்றுச்சூழல் எல்லாம் இருக்கிறது. மகிழ்ச்சியாக வாசிக்கிறேன். ஆனால் அவற்றில் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள். நான் வாசித்தவரையில், பத்தாவதோடு நின்று சம்பாதிக்கப் போன பெண் கதையின் மையத்துக்கு வரவில்லை. அவள் வாசகி இல்லை என்று நாம் முடிவுகட்டிவிட்டோம் போலிருக்கிறது. வாசகி இல்லாதவளை எப்படி நாயகியாக்குவது?

அந்த நாவல் எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் பாடம் எடுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஒரு வாசகியாக எனக்கு வேண்டியவற்றைச் சொல்லலாம். தரகரின் பேச்சு அதில் முழுசாக இருக்க வேண்டும், கேட்கிற நமக்கே நம்பத் தோன்ற வேண்டும். 1936இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை எழுதினார். பெயரிலேயே வலை இருக்கிறது. வலையில் விழுந்தவளைப் பார்த்து உச்சுக்கொட்டுவதைவிட வலை எப்படிப் பின்னப்படுகிறது என்று காட்டுவது பயனுள்ள வேலை என்பது அந்தத் தலைப்பிலிருந்தே நாம் கற்றுக்கொள்ளக்கூடியது. வினோதம் என்னவென்றால் அவர் பெயரில்தான் நம் அரசு ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் நடத்தியது. 2022இல் அது புதுமைப்பெண் என்ற உயர்கல்வித் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. தாலிக்குக் கொடுத்த பணத்தைப் படிப்புக்குத் திருப்ப இவ்வளவு காலம் ஆயிற்று. 833 ரூபாய்க்கும் 1,000 ரூபாய்க்கும் இடையில் ஒரு பெண்ணின் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பும் என்பதையே ஒரு நாவலாக எழுதலாம்.

சாதி அதில் பெயரோடு வர வேண்டும். 'ஏழைப் பெண்' என்று பொதுவாக எழுதினால் தரகர் ஏன் குறிப்பிட்ட தெருவுக்கு மட்டும் வந்தார் என்பது புரியாது. முடிவு கல்யாணமாக இருக்கக் கூடாது. கல்லூரியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அதற்குப் பிறகு பெண்கள் தலைமையேற்று நடத்தும் டி.டி.சி.யு. தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிறுவனத்தோடும் சர்வதேச ஆடை நிறுவனங்களோடும் ஓர் ஒப்பந்தம் போட்டது. பாலியல் தொல்லையைத் தளத்திலேயே கவனித்துச் சொல்லப் பெண் தொழிலாளர்களே பயிற்சி பெற்று நின்றார்கள். 'பயிற்சி' என்ற சொல்லை அவர்கள் முதலாளிகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. லிடி கையெழுத்துப் போடத் தவறிய மனுவை இவர்கள் போட்டு முடித்தார்கள். கதை அங்கேயும் போய் நிற்கலாம்.

கடைசியாக ஒன்று, இது நான் கற்றுக்கொண்டது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு தேனிப் பெண் தன் சித்தியிடம் பேசினாள். எங்கள் வட்டத்தில் உங்கள் கதையைப் பற்றிப் பேசினோம், யாராவது எழுதணும்னு அக்கா சொல்றாங்க என்றிருக்கிறாள். சித்தி அனுப்பிய குரல் பதிவை எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். பின்னணியில் குக்கர் விசில் கேட்டது. சித்தி முதலில் சிரித்தாள். அதுல எழுத என்ன இருக்கு என்றாள். பிறகு, கோன் வைண்டிங்கில் கை எப்படி எரியும், பணம் வாங்க அப்பா எத்தனை தடவை நடந்தார், கடைசியில் எவ்வளவு குறைத்துக் கொடுத்தார்கள் என்று நிறுத்தாமல் சொன்னாள். முடிக்கும்போது சொன்னாள்: "எழுதுறதா இருந்தா, ஞாயித்துக்கெழம நாங்க எட்டுப் பேரும் தண்ணித் தொட்டிகிட்ட உக்காந்து தலைய விரிச்சுப் போட்டுப் பாடுவோம், அதையும் எழுதச் சொல்லு. இல்லன்னா நாங்க அழுதுகிட்டே இருந்தோம்னு நெனச்சுக்குவாங்க."

அடையாற்றுப் பெண் அந்தப் பதிவை இன்னொரு முறை போடச் சொன்னாள். பிறகு தன் நோட்டை எடுத்துத் தேனிப் பெண்ணிடம் கொடுத்தாள். எட்டுப் பேர் பெயரும் சித்திக்கு ஞாபகம் இருக்குமா என்று கேட்டாள்.